பின்னால் வந்த முட்டைக்காரர்

என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், சலூன் வைத்திருக்கிறார். தெருவில் அவருக்கு ரேடியோ என்று பெயர். ரேடியோவையாவது அணைக்கலாம் என்பேன் நான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார் அவர். கடையில் அவர் பேச்சுக்கு யாரும் பதில் சொல்வதில்லை. கழுத்தில் கத்தி இருக்கும்போது எவன் வாயைத் திறப்பான்? எதிராளி மௌனமாக இருந்தால் ரசித்துக் கேட்கிறார் என்று அர்த்தம். தொழில் அவருக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான்.

கல்யாணமான நாள் முதல் அக்காவும் அந்த நாற்காலியில் உட்கார்ந்த மாதிரிதான் வாழ்ந்தாள். போன வருஷம் அவளுக்குக் கை சுளுக்கியதை, கட்டுப் போட்டு இரண்டு நாள் கழித்து, முடி வெட்டிக்கொண்டு எழுந்த ஒருவர் சொல்லித்தான் அத்தான் தெரிந்துகொண்டார். கடைசியில் அக்கா ஒரு முடிவுக்கு வந்தாள்.

"கடை லீவு அன்னிக்கு சைக்கிள்ல தம்பி வீட்டுக்குப் போவோம். வழியெல்லாம் நான் பேசுறேன், நீங்க கேளுங்க. கேட்டா உங்களோட திரும்பி வரேன். இல்லேன்னா அங்கேயே இருந்துடறேன்."

எங்கள் வீடு கடற்கரையில். கால்வாய்க் கரையிலேயே வந்து, பாலத்தில் ஆற்றைத் தாண்டி, ஆற்றோரமாகக் கடல்வரை மிதிக்கலாம். அவசரப்படாவிட்டால் ஒரு பகல் பிடிக்கும்.

கரையில் ஒற்றையடிப் பாதை. முன்னால் அத்தான், பின்னால் அக்கா. "முதல்ல உங்ககிட்ட..." என்று அவள் ஆரம்பித்தாள். "அதோ பார், கொக்கு!" என்றார் அத்தான். கொக்கிலிருந்து மீனுக்குப் போனார், மீனிலிருந்து மீன்கடைக்காரரின் வழுக்கைக்குப் போனார். மதகுப் பக்கம் அக்காவின் டயரில் முள் குத்தியது. கூப்பிட்டாள், கத்தினாள். அத்தான் வழுக்கையை விட்டு இறங்கவில்லை.

மதகை ஒட்டிய ரோட்டில் வந்த ஐஸ் வண்டியை நிறுத்தி, சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு, மதியத்துக்குள் அக்கா எங்கள் வாசலில் வந்து இறங்கினாள். "நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க? இனி நான் இங்கதான்" என்றாள். எனக்கும் கோபம் பொங்கியது. மனுஷன் வரட்டும் என்று காத்திருந்தேன்.

அங்கே அக்கா விட்ட இடத்தில் ஒரு முட்டைக்காரர் வந்து சேர்ந்திருந்தார். கேரியரில் முட்டைத் தட்டுகள். பாதை குறுகல் என்பதால் முந்த வழியில்லை. முன்னால் போகிறவர் காதில் எதையோ மாட்டிக்கொண்டு போனில் பேசுகிறார் என்றுதான் முதலில் நினைத்தாராம்.

பாலம் தாண்டியதும் அத்தானுக்கு ஒப்பந்தம் ஞாபகம் வந்தது. "சரி, இனி நீ பேசு" என்றார். சைக்கிள் சத்தம் மட்டும் வந்தது. அக்கா கோபத்தில் இருக்கிறாள் என்று அத்தான் முடிவுகட்டினார்.

"திரும்பினா முறைப்பே. பார்க்காமலே சொல்லிடறேன். நான் ஏன் ஓயாம பேசுறேன் தெரியுமா? நிறுத்தினா நீ பேசுவே. இந்த ஆளைக் கட்டிக்கிட்டு என்ன சுகத்தைக் கண்டேன்னு கேட்டுடுவே. கல்யாணத்தன்னிக்குப் பிடிச்ச பயம், இன்னும் விடலை."

மணலில் பாதை முடிந்தது. அத்தான் இறங்கித் திரும்பினார். முட்டைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, இதை அண்ணிகிட்ட நேர்லயே சொல்லிடுங்க."

"யோவ், நீ யாரு? அவ எங்கே?"

"தெரியாதுண்ணே. குரல் கொடுத்தா நீங்க திரும்புவீங்க, தண்ணியில விழுவீங்க, என் முட்டையும் போயிடும்னுதான் பேசாம வந்தேன்."

இருவரும் அடித்துப் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். திட்டுவதற்குத் தயாராக நின்றேன். அக்காவைக் கண்டதும் அத்தான் வாயைத் திறந்தார். ஒரு சொல்லும் வரவில்லை. திட்ட எனக்கு மனசு வரவில்லை.

"நான் சொல்லட்டுமா அண்ணி?" என்றார் முட்டைக்காரர், தாங்கமாட்டாமல்.

"அவரே சொல்லட்டும்."

"பயம்" என்றார் அத்தான்.

"எதுக்கு?"

"நீ என்ன சொல்லுவியோன்னு."

அக்கா சைக்கிள் பக்கம் திரும்பினாள். "வந்த வழி வீணாப் போச்சு. போற வழி ஒண்ணு மிச்சமிருக்கு" என்றாள். "ஆனா நான்தான் முன்னால போவேன்."

மறுநாள் காலை டயருக்கு ஒட்டுப் போட்டுக் கிளம்பினார்கள். நான் வாசலில் நின்றேன்.

"முதல்ல உங்க மீசை. அது எனக்கு என்னிக்குமே பிடிச்சதில்லை" என்று அக்கா ஆரம்பித்தாள்.

பின்னால் சத்தமே இல்லை. அவள் திரும்பாமலே கேட்டாள்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்."