முக்கூடலில் ரிட்டேக் கிடையாது

என் முதல் படத்தை எடுத்தது தொண்ணூறுகளின் நடுவில், முக்கூடலில். அதற்கு முன் திருநெல்வேலியில் நாளிதழ் நிருபராக இருந்தேன். பிறகு சென்னையில் பிறர் படங்களுக்கு நகைச்சுவை வசனம் எழுதினேன். என் படத்துக்குக் காமெடி நடிகரின் கால்ஷீட் ஒரே ஒரு நாள்தான். அவருடைய காட்சி சரியாக வராவிட்டால் வேறு இயக்குநரைப் போட்டுக்கொள்வதாகத் தயாரிப்பாளர் சொல்லியிருந்தார்.

காட்சி எளிது. செத்ததுபோல் நடிப்பவனைப் பாடையில் தூக்கிப் போகிறார்கள். டீக்கடையைக் கடக்கும்போது வடை வாசனைக்கு அவன் தலையைத் தூக்க வேண்டும். பாடை தூக்க உள்ளூர்க்காரர்கள் நால்வரைப் பிடித்திருந்தோம்.

முதல் டேக்கில் நடிகர் தாமதமாகத் தலை தூக்கினார், கடை தாண்டிவிட்டது. "கட், ஒன் மோர்" என்றேன். பாடை திரும்பவில்லை.

"வீட்டை விட்டு எடுத்த பாடையத் திருப்பக் கூடாதுல்லா" என்றார் முன்னால் தோள் கொடுத்திருந்த முத்தையா அண்ணாச்சி.

"அண்ணாச்சி, இது படம். ஆளு உசுரோடல்லா இருக்காரு?"

"அதுக்குத்தான்வே சொல்லுதேன். செத்தவனுக்கு இனி என்ன வரப்போவுது? இவருக்குல்லா ஆகாது."

படுத்திருந்த நடிகர் கண்ணைத் திறந்தார். "அவர் சொல்றது கரெக்ட் சார். நான் திரும்ப மாட்டேன்."

யாரிடம் வாதாடுவது என்று எனக்குத் தெரியவில்லை. பாடை திரும்பாதென்றால் கடைதான் நகர வேண்டும். பெஞ்சு, பாய்லர், வடைத்தட்டு எல்லாவற்றையும் பாடைக்கு முன்னால் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரண்டாவது டேக் வாழைத்தோட்டத்து ஓரம், பெஞ்சு கவிழ்ந்தது. மூன்றாவது ஆற்று மணலில். அதற்கப்பால் தண்ணீர்தான்.

"பைய நடங்க அண்ணாச்சி" என்று கெஞ்சினேன். நடிகர் சரியாகத் தலை தூக்கினார். ஆனால் ஆற்று மணலில் டீக்கடை எப்படி வந்தது? எடிட்டிங்கில் எதை வைப்பது, எதை வெட்டுவது என்று புரியாமல் மூன்றையும் வரிசையாக ஒட்டச் சொன்னேன். பிணம் போகுமிடமெல்லாம் அதே கடை முன்னால் நின்றது.

திருநெல்வேலித் தியேட்டரில் கடை வரும் ஒவ்வொரு முறையும் கூட்டம் அலறியது. "எப்படி சார் யோசிச்சீங்க? அடுத்த படமும் நீங்கதான்" என்று பின்வரிசையிலிருந்து தயாரிப்பாளர் என் தோளைத் தட்டினார்.

படம் பார்க்க நான் கூட்டிவந்திருந்த முத்தையா அண்ணாச்சி பக்கத்தில் சிரிக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாம முறையாத்தான கொண்டுபோனோம்? எதுக்குவே இந்தச் சிரிப்புச் சிரிக்காவ?"

அன்று எனக்கும் விளங்கவில்லை. விளங்கிய பிறகு, நடிக்க வருபவர் யாரிடமும் இது காமெடி சீன் என்று நான் சொன்னதில்லை.