டைனோசர்களுக்கும் பாடு உண்டு

கோட்டைக்குப்பத்து லோகநாயகிக்கு மீன் விற்கிற வாய் பெரிது. அதைவிடப் பெரிது படம் போடுகிற ஆசை. மார்கழியில் ஊரெல்லாம் பூக்கோலம் போட்டால், அவள் வாசலில் மட்டும் நீளக் கழுத்தும் தடித்த காலுமாக ஏதோ ஒன்று படுத்துக் கிடக்கும். "இன்னாடி இது, பல்லிக்கு யானைக்கால் வந்தா மாதிரி கீது?" என்பாள் பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாள். அது டைனோசர் என்று சொல்லிச் சொல்லி லோகநாயகிக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

இந்தப் பித்தை அவளுக்கு ஏற்றிவிட்டவை, ஊரை ஒட்டிய ஏரிக்கு வரும் பூநாரைகள். பறவைகள் எல்லாம் டைனோசர் வம்சம் என்று யாரோ ஒரு வாத்தியார் செல்போன் வீடியோவில் சொல்ல ஒருநாள் கேட்டாள். அன்றிலிருந்து, சேற்றில் ஒற்றைக்காலில் நிற்கும் பூநாரையைப் பார்த்தால் அதன் பாட்டன் முப்பாட்டன்தான் அவள் கண்ணுக்குத் தெரிந்தார்கள். அவர்களை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும் போலிருந்தது. பஸ் போகாத ஊர் அது. படக்கதையில்தான் போக முடியும்.

மீன் வரத்து இல்லாத மழைநாட்களில், பழைய மாதக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் உட்கார்ந்து வரைந்தாள். மீன்காரி ஒருத்தி, உலர்த்தி மடித்த வலையும் கையுமாக ஐஸ் பெட்டிக்குள் தவறி விழுகிறாள். மூடி சாத்திக்கொள்கிறது. திறந்து பார்த்தால் ஆறரைக் கோடி வருஷத்துக்கு முந்தின உலகம். பசி வயிற்றைக் கிள்ள, ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் வலையைக் கட்டி மீன் பிடிக்கிறாள். டைனோசர்கள் துரத்துகின்றன. அவற்றுக்கு மீன்குழம்பு வைத்துக் கொடுத்துச் சிநேகிதம் பிடித்து, ஒரு குட்டியைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புகிறாள்.

"அந்தக் காலத்துல இந்த ஏரியே கிடையாதாமே," என்றான் அவள் புருஷன் கோதண்டம்.

"ஏரி இல்லாத ஊருக்கு நான் இன்னாத்துக்குப் போறேன்?" என்று வாயை அடைத்துவிட்டாள்.

அம்மன் திருவிழாவன்று காலையில், வலைக்கொட்டகை முன்னால் கயிறு கட்டி, துணி கிளிப் போட்டு எட்டுத் தாள்களையும் தொங்கவிட்டாள். அக்கம்பக்கத்தில் ஒன்றிரண்டு தாளைக் காட்டியிருக்கிறாளே தவிர, முழுக்கதையை யாரும் பார்த்ததில்லை. நாலு பேர் முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை படித்துச் சிரிக்க வேண்டும். இந்த ஒரு ஆசைதான் அவளுக்கு.

கூட்டம் சேர்ந்தது. ஐஸ் பெட்டியைப் பார்த்துச் சிரித்தது. மீன்காரி முகத்துவாரத்தில் வலை கட்டும் நாலாவது தாளுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுபோனது. ஊர்த் தலைவர் முத்துராஜ் குனிந்து பார்த்தார்.

"அந்த எடத்துல யாரைக் கேட்டு வலை கட்டிக்கீறா?"

ஏரியில் மீன் நிறையக் கிடைக்கும் இடங்களில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். தன் பாடு வராதவன், வீட்டில் உலை காய்ந்தாலும் அங்கே வலை இறக்கமாட்டான்.

"மாமா, அது டைனோசர் காலம். அப்போ ஏது பாடு?"

"அதுங்க இருக்கிற எடம்னா அதுங்க பாடுதான? கேக்காம கட்டிட்டியே. சாயங்காலம் பசியாவரத்துக்காரங்க வராங்க. நம்மகூட மொறை வெச்சிப் புடிக்கிறவங்க. கோட்டைக்குப்பத்தாளு கதையில கூட மொறை இல்லாம வலை போடுறான்னு பேச்சு வரும். பாடு காலங்காலமா வர்ற வழக்கம்மா. கழட்டிடு."

லோகநாயகிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. திட்ட வாயைத் திறந்தவள், தாளைத் திரும்பிப் பார்த்தாள். படத்தில் அந்த வலையைப் பிடித்திருந்தது அச்சு அசல் அவள் கைதான், வளையல் உட்பட. கோதண்டம் அப்படிச் செய்திருந்தால் அவளே சோறு போட்டிருக்கமாட்டாள். வெட்கமாகப் போய்விட்டது.

"பொழுது சாயறதுக்குள்ள மொறைப்படி பண்ணிடறேன் மாமா," என்றாள்.

வீட்டில் பழைய தாள் ஒன்றும் மிச்சமில்லை. கோதண்டம் சுவரில் தொங்கிய நடப்பு மாதத்தைக் கிழித்து நீட்டினான். "தேதி போன்ல பாத்துக்கலாம், நீ போடு," என்றான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் வாங்கிக் கொடுத்த எந்தப் புடவையும் அவளுக்கு இவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை.

புதுத்தாளில் டைனோசர்கள் கரையில் வட்டமாக உட்கார்ந்து கூட்டம் போட்டன. நடுவில் மீன்காரி கைகட்டி நின்றாள். கேட்காமல் வலை கட்டியதற்குத் தண்டம், கூட்டம் முழுவதற்கும் மீன்குழம்பு. வைத்தாள், தின்றன. அப்புறம் சீட்டுப் போட்டு அவளுக்கும் ஒரு பாடு கொடுத்தன. கதை முன்னைவிட நன்றாகவே வந்துவிட்டது. அதை ஒத்துக்கொள்ளத்தான் அவளுக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

சாயங்காலம் பசியாவரத்திலிருந்து வந்தவர்களில் மூத்தவரான சடையன் ஒவ்வொரு தாளாகப் படித்தார். தண்டம் போட்ட இடத்தில் தலையை ஆட்டி, "தீர்ப்பு சரிதான்," என்றார். பெட்டியிலிருந்து குட்டி எட்டிப் பார்க்கும் கடைசித் தாளில் வாய்விட்டுச் சிரித்தார். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். லோகநாயகிக்குக் கண் கலங்கிவிட்டது.

முத்துராஜ் மட்டும் புதுத்தாளை விட்டு நகரவில்லை. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த டைனோசர்களில் பாதிக்குத் தலையில் கனகாம்பரம் இருந்தது.

"பொம்பளைங்களை உக்கார வெச்சிக்கீறியே. பாடு கூட்டத்துல அவங்க உக்கார்ற வழக்கம் ஏது?"

"ஆறரைக் கோடி வருஷத்து வழக்கம் மாமா அது," என்றாள் லோகநாயகி. "நம்ம வழக்கம் அப்பறம் வந்தது."

சடையன்தான் முதலில் சிரித்தார். முத்துராஜ் மீசையைத் தடவிக்கொண்டார். கடைசியில் அவரும் சிரித்துவிட்டார்.

அடுத்த முறை பாடு பிரிக்கச் சீட்டுப் போட ஊர் கூடியபோது, லோகநாயகியும் பொன்னியம்மாளும் போய் ஆண்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டார்கள். "கொஞ்சம் நகந்து உக்காருங்கப்பா," என்று முத்துராஜ் இடம் விடச் சொல்லிவிட்டு, சீட்டைக் குலுக்கினார்.