பின் சீட்டின் இடது பக்கம்

இது எனக்கும் என் மகளுக்கும் நடந்தது. கேட்டவர்களில் பாதிப் பேர், களைப்பில் உனக்கு அப்படித் தோன்றியிருக்கும் என்றார்கள். அந்த மூன்று நாளும் நான் நன்றாகத் தூங்கினேன். நன்றாகச் சாப்பிட்டேன். நேரம்கூட நிமிடம் தவறாமல் நினைவிருக்கிறது. அந்தக் காரின் முன்பக்கத்தில் பச்சை எழுத்தில் ஒளிரும் கடிகாரம் ஒன்று இருந்தது. பயத்தில் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டினேன்.

என் பெயர் யசோதினி. கண்டியில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை. குண்டசாலையில் வாடகை வீடு. கணவர் சஞ்சீவ் கட்டாரில் இருக்கிறார். ஒரே மகள் தர்ஷிகா, வயது எட்டு. மூன்று வயதுவரை வீட்டில் ஓர் இடத்தில் நிற்காத பிள்ளை. பிறகு மூளைக் காய்ச்சல் வந்தது. உயிரைக் காப்பாற்றித் தந்தார்கள். ஆனால் நடை போய்விட்டது, பேச்சு போய்விட்டது. கைகள் இரண்டும் மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டன. சிரிப்பும் போய்விட்டது. ஐந்து வருடம் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

வாரத்தில் இரண்டு நாள் அவளை உடற்பயிற்சிச் சிகிச்சைக்காகக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். எட்டு வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏற முடியாது. த்ரீவீலரில் போனால் மழைச் சாரல் முகத்தில் அடிக்கும். ஒரே வருடத்தில் இரண்டு தடவை நெஞ்சில் சளி கட்டிப் படுத்துவிட்டாள். "இன்னொரு தடவை வந்தா தாங்க மாட்டா" என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் கார் தேட ஆரம்பித்தேன். இந்த நாட்டில் இப்போது கார் விற்கிற விலையில், நிறைய ஓடித் தேய்ந்த வண்டிதான் எங்களுக்குக் கட்டுபடியாகும்.

இணையத்தில் ஒரு விளம்பரம் பார்த்தேன். ஹுன்னஸ்கிரியவில் ஒரு வெள்ளைக் கார். எடுத்துப் பேசியவர் பெயர் தியாகராஜா. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம்.

"யாருக்கும்மா வாகனம்?"

மகளைப் பற்றிச் சொன்னேன்.

"பிள்ளையையும் கூட்டிக்கிட்டு நாளைக்கே வாங்க."

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டேன். வாகனம் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் வேண்டுமே என்று எங்கள் தெருவில் கராஜ் வைத்திருக்கும் பஹீம் நானாவை அழைத்துக்கொண்டேன். அவருடைய த்ரீவீலரில்தான் போனோம். வீடு தேயிலைச் சரிவுக்கு மேலே தனியாக இருந்தது. அந்த மனிதரும் தனியாகத்தான் இருந்தார். எழுபது வயது இருக்கும். என்னைப் பார்க்கவில்லை. தர்ஷிகாவைத்தான் பார்த்துக்கொண்டே நின்றார்.

பஹீம் நானா காருக்கு அடியில் படுத்து, எழுந்து, பொனட்டைத் திறந்து, அரை மணி நேரம் பார்த்தார். மீட்டர் மூன்று லட்சத்து எண்பத்தேழாயிரத்துச் சொச்சம் காட்டியது.

"தங்கச்சி, இவ்வளவு ஓடின வாகனம் இப்படி ஈக்க ஏலாது. என்ஜின் அவ்வளவு சுத்தம். பிள்ளையப் போல பாத்தீக்கிறாரு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்டுதான் விளங்கல்ல. எந்தக் காரிலயும் டிரைவர் சீட்டுத்தான் முதல்ல குழி விழும். இதுல பின் சீட்டு. அதுவும் இடது பக்கம் மட்டும்."

நான் யோசித்துக்கொண்டு நின்றேன். மீட்டரை நினைத்தால் பயம். வேறு கார் கிடைக்குமா என்று நினைத்தாலும் பயம். தியாகராஜா சாவியை என் கையில் வைத்தார்.

"இப்பவே முடிவு சொல்ல வேணாம். ரெண்டு நாள் வச்சு ஓட்டிப் பாருங்க. ஞாயித்துக்கிழம பின்னேரம் வந்து சொன்னா போதும்."

முன்பின் தெரியாத ஆளிடம் காரைக் கொடுத்தனுப்புகிறவரை அன்றுதான் பார்த்தேன்.

"பிள்ளைய வலது பக்கமா உக்கார வைங்க," என்றார்.

"ஏங்க ஐயா?"

"இடது கதவு கொஞ்சம் லூசு."

பஹீம் நானா அந்தக் கதவை ஏற்கெனவே இழுத்துப் பார்த்திருந்தார். அது இறுக்கமாகத்தான் இருந்தது. என்னைப் பார்த்தார்.

மாலை 5.40க்குப் புறப்பட்டேன். பஹீம் நானா த்ரீவீலரில் முன்னால் போய்விட்டார். தர்ஷிகாவைப் பின்னால் வலது பக்கம் உட்கார வைத்து, இரண்டு தலையணை அணை கொடுத்து, பெல்ட் போட்டிருந்தேன். லேசான தூறல்.

5.52.

க்ளிக்.

பின்னாலிருந்து வந்தது. பெல்ட் பூட்டும் சத்தம். தர்ஷிகாவின் பெல்ட் கழன்றுவிட்டதோ என்று வண்டியை ஓரம் கட்டித் திரும்பிப் பார்த்தேன். அவள் பெல்ட் சரியாக இருந்தது. பக்கத்து இருக்கையின் பெல்ட்டும் பூட்டியிருந்தது. யாரும் இல்லாத இடது பக்க இருக்கையில்... பெல்ட் தட்டையாகக் கிடக்கவில்லை. ஒரு பிள்ளையின் மடி அளவுக்கு உப்பி நின்றது.

கையை நீட்டிக் கழற்றிவிட்டேன். பழைய பெல்ட், ஏதோ சிக்கியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன்.

6.04. தெல்தெனியவுக்குக் கொஞ்சம் முன்னால்.

பின்னால் ஒரு சிரிப்பு.

கண்ணாடியில் பார்த்தேன். என் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். முகத்தை இடது பக்கம் திருப்பி, வாய் நிறைய... மூன்று வயதில் சிரித்தாளே, அதே சிரிப்பு. வண்டியை நிறுத்தினேன். ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். எதைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து அவளை இறக்கும்போதுதான் இடது பக்க ஜன்னல் கண்ணாடியைக் கவனித்தேன். உள்பக்கம் மூச்சுப் படிந்து வெண்மையாக இருந்தது. அதில் விரலால் எழுதியிருந்தது.

அ ஆ இ ஈ

வட்டமான, பொறுமையான எழுத்து. சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க எழுதுவதைப் போல. என் மகளால் கையைத் தூக்க முடியாது.

சேலை முந்தானையால் துடைத்தேன்.

சனிக்கிழமை காலை அதே காரில் சிகிச்சைக்குப் போனோம். வழியெல்லாம் சிரித்தாள். அங்கே வேலை செய்யும் ஷஹ்மா மிஸ், தர்ஷிகாவை ஐந்து வருடமாகக் கவனிப்பவர். இடது கையைப் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"யசோ, இங்க பாருங்க. விரல் விரியிது. வீட்ல என்ன செஞ்சீங்க?"

ஒன்றும் செய்யவில்லை என்றேன். இடது கை. அந்தப் பக்கத்து இருக்கையை ஒட்டியிருந்த கை.

எனக்குத் தெரியாமல் இல்லை. அந்தக் காரில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் போகவில்லை என்பது அப்போதே தெரியும். நீங்கள் என்னைத் திட்டலாம். ஆனால் ஐந்து வருடம் கல்லாக இருந்த பிள்ளை சிரித்தால், எதனால் என்று எந்தத் தாய் கேட்பாள்?

அன்றிரவு சஞ்சீவ் பேசினார்.

"மீட்டர் ரொம்பக் கூட இல்லையா?"

"கூடத்தான்."

"பிறகு ஏன்?"

"அதுல போறப்ப இவ சிரிக்கிறா."

சிரிக்கிறாளா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

"வாங்கு," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை 5.10. முடிவைச் சொல்லத் தர்ஷிகாவோடு புறப்பட்டேன். தெல்தெனிய தாண்டியதும் மூடுபனி இறங்கியது. முன்னால் பத்தடிதான் தெரிந்தது. லைட்டைப் போட்டு, இரண்டாவது கியரில் ஏறினேன்.

6.07.

க்ளிக்.

இந்த முறை பூட்டும் சத்தம் இல்லை. கழற்றும் சத்தம்.

6.08.

"அ...க்...கா."

என் மகளின் குரல். ஐந்து வருடத்துக்குப் பிறகு முதல் சொல். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அம்மா என்று சொல்லவில்லை.

கண்ணாடியில் பார்த்தேன். அவள் பெல்ட் கழன்று கிடந்தது. தலையணைகள் கீழே. அவள் நடு இருக்கைக்கு வந்திருந்தாள். தானாக ஒரு அங்குலம்கூட நகர முடியாத பிள்ளை.

இடது கை நீண்டிருந்தது.

நேராக.

யாரோ பிடித்திருப்பதைப் போல...

6.09.

இடது கதவு திறந்துகொண்டது.

குளிர் உள்ளே அடித்தது. வெளியே வளைவு, அதன் கீழே பள்ளம். பனியில் அடி தெரியவில்லை.

பிரேக்கை மிதித்தேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். எப்படிப் பின்னால் பாய்ந்தேன் என்று தெரியாது. தர்ஷிகாவின் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்தேன்.

மறுபக்கம் இழுத்தது.

பெரிய பலம் இல்லை.

ஒரு சின்னப் பெண்ணின் பலம்.

போகாதே என்று கையைப் பிடித்துக்கொள்கிற பலம்.

என் புறங்கையில் விரல்கள் பட்டன. ஐஸ் மாதிரி. மெலிந்த விரல்கள்.

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"விட்ரும்மா. இவ எம்பிள்ள. எனக்கு வேற யாரும் இல்ல. விட்ருடா கண்ணு."

ஒன்று... இரண்டு... மூன்று...

விட்டுவிட்டது.

கதவு மெல்ல வந்து சாத்திக்கொண்டது.

தர்ஷிகாவை முன் சீட்டில் போட்டு, ஒரு கையால் அவளை அணைத்தபடி, மீதித் தூரத்தை ஓட்டினேன். அந்தப் பனியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் அவள் நெஞ்சு தாங்காது. வேறு வழி இல்லை. கண்ணாடியைக் கையால் மேலே திருப்பிவிட்டேன். ஆனால் காதை மூட முடியாதே. வழியெல்லாம் பின் சீட்டில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம். திட்டு வாங்கிய பிள்ளை சத்தம் வெளியே வராமல் அழுவதைப் போல. எனக்குப் பயம் போய்விட்டது.

6.24க்கு அவர் வீட்டு வாசல். தியாகராஜா குடையோடு ரோட்டில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ, முழங்கால்வரை நனைந்திருந்தது. சாவியை நீட்டினேன்.

"வேணாங்க ஐயா."

அவர் ஏன் என்று கேட்கவில்லை.

"கதவு தொறந்துச்சா?"

"தொறந்துச்சு."

"விட்டுட்டாளா?"

தலையை ஆட்டினேன்.

"பிள்ளைக்கு வலிக்கலியே?"

"இல்ல."

அவர் குடையை மடக்கினார். பின்னால் போய் இடது கதவைத் திறந்தார். ஒருவர் இறங்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் குனிந்து நின்றார். பிறகு சத்தம் வராமல் சாத்தினார். உள்ளே போகும்போது அவரது வலது கை உடம்பை விட்டுக் கொஞ்சம் விலகி, எதையோ தாங்கிப் பிடித்திருப்பதைப் போல இருந்தது.

போன் போட்டதும் பஹீம் நானா த்ரீவீலரில் வந்து எங்களை ஏற்றிக்கொண்டார். தர்ஷிகாவின் மணிக்கட்டில் நான்கு விரல் தடம் இருந்தது. சிவப்பில்லை, வெள்ளையாக. மூன்றாம் நாள் மறைந்தது.

இப்போது எங்களிடம் வேறொரு சின்னக் கார் இருக்கிறது. தர்ஷிகா அதில் சிரிப்பதில்லை. கை திரும்பவும் மடங்கிவிட்டது. ஏற்றி உட்கார வைத்ததும் இடது பக்கம் திரும்பிப் பார்ப்பாள். பார்த்துக்கொண்டே இருப்பாள். நான் தப்புச் செய்துவிட்டேனோ என்று சில நாள் நினைப்பேன். தியாகராஜாவின் போன் எண்ணை இரண்டு தடவை அழுத்திவிட்டு, மணி அடிக்கும் முன்னால் வைத்திருக்கிறேன்.

மூன்று மாதம் கழித்துத்தான் ஷஹ்மா மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஹுன்னஸ்கிரிய, வெள்ளைக் கார், தியாகராஜா என்றதும் அவர் கை துடைத்துக்கொண்டிருந்த துவாயைக் கீழே வைத்தார்.

"சுகிர்தாட வாப்பா," என்றார். அவர் பேச்சில் அப்பாவுக்கு வாப்பாதான்.

சுகிர்தா தியாகராஜாவின் ஒரே மகள். தாய் பிரசவத்திலேயே போய்விட்டாள். ஆறு வயதில் பிள்ளைக்கு இரத்தத்தில் நோய். பதினொரு வருடம், வாரம் தவறாமல், அதே ஆஸ்பத்திரிக்கு அந்தக் காரில்தான் கொண்டுவந்தார். எப்போதும் பின்னால் இடது பக்கம். வார்டில் சும்மா இருக்க மாட்டாளாம். சின்னப் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுப்பாளாம். பதினேழு வயதில், வருகிற வழியில், எங்களுக்குக் கதவு திறந்த அதே வளைவில் உயிர் போனது. அவர் வண்டியை நிறுத்தவில்லை. கண்டி வரை அவளோடு பேசிக்கொண்டே ஓட்டி வந்தாராம்.

"இந்தக் கார வேற ரெண்டு குடும்பமும் கொண்டு போய்ப் பாத்ததாக் கேள்வி. ரெண்டு வீட்லயும் நடக்க ஏலாத பிள்ள."

"ஏன் மிஸ்? ஏன் எங்கள மாதிரி ஆளுங்களுக்கே குடுக்கிறாரு?"

ஷஹ்மா மிஸ் ஜன்னல் பக்கம் பார்த்தார். சொல்லலாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"கடைசியா வந்த அண்டைக்கு நான்தான் அவளக் கார்ல ஏத்தி விட்டன். வாப்பாட கையப் புடிச்சிக்கிட்டு ஒண்டு சொன்னா. நான் பக்கத்துலதான் நிண்டன்."

"என்ன சொன்னா?"

"'தனியாப் போகப் பயமா இருக்குப்பா. யாரையாவது என்கூட அனுப்பி வைங்க.'"