"எலும்பு சாகுமோ, தம்பி?"

நனைந்த ரப்பர் வாடை... எங்கே அடித்தாலும் எனக்கு ரானுயியில் நாங்கள் இருந்த வீட்டின் பின்பக்கம்தான் ஞாபகத்துக்கு வரும். கொடியில் என் ஆபீஸ் சட்டைகளுக்குப் பக்கத்தில் சூசை அண்ணனின் டைவிங் சூட் தொங்கும். உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் கிள்ளானிலிருந்து இந்த வெள்ளைக்கார நாட்டுக்கு வந்தவன், எல்லர்ஸ்லியில் ஆபீஸ் வேலை. அவர் மன்னாரிலிருந்து அகதியாக வந்தவர். ரென்ட்டைப் பாதியாகப் பிரித்துக்கொண்டு ஒரே வீட்டில் இருந்தோம்.

ஊரில் அவர் சங்கு குளித்தவர். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போய்ச் சங்கு பொறுக்கும் வேலை. இங்கே ஒனிஹங்கா படகுத்துறையில், மீன்பிடிப் படகுகளின் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் முதலாளி சொல்லிவிட்டார்... சட்டம் இறுகிவிட்டது, சம்பளத்துக்குத் தண்ணீரில் இறங்குகிறவர்கள் இனி பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கவேண்டும், அதற்கும் முன்னால் டைவிங் மெடிக்கல்.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்ன தம்பி இது? மீசை முளைக்க முதலே கடலுக்கடியில கிடந்தவன் நான். எனக்கு இவங்கள் பழக்கப் போறாங்களோ?"

இங்கிலீஷ் பேசுவதற்காக மெடிக்கலுக்கு நானும் போனேன். டாக்டர் கலகலப்பான வெள்ளைக்காரர். காது, மூச்சு எல்லாம் பார்த்துவிட்டுச் சாதாரணமாகத்தான் கேட்டார், ஊரில் எப்படி டைவ் பண்ணுவீர்கள் என்று. எவ்வளவு ஆழம், ஒரு நாளைக்கு எத்தனை சிலிண்டர்... அண்ணன் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் சொன்னேன்.

"மேலே வரும்போது எங்கெங்கே நிற்பீர்கள்?" என்றார் டாக்டர்.

தமிழில் கேட்டேன்.

"நிக்கிறதோ? நடுத்தண்ணியில என்னத்துக்குத் தம்பி நிக்கிறது? காத்து முடிஞ்சா விறுவிறுவெண்டு மேல வாறதுதான்."

நான் அதைச் சொன்னதும் டாக்டர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. இடுப்பு வலிக்கிறதா என்று கேட்டார். வலித்தது. படியேறும்போது அண்ணன் இடது இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவார். பாரம் தூக்கியதால் வந்தது என்று நினைத்திருந்தோம்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டி, தொடையெலும்பு இடுப்பில் பொருந்தும் உருண்டையைப் பேனாவால் காட்டினார். அந்த இடம் 'டெட்' என்றார்.

எப்படிச் சொல்வது? வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அண்ணே... எலும்புல அந்த இடம் செத்துப் போச்சுன்னு சொல்றாரு."

"எலும்பு சாகுமோ, தம்பி?"

டாக்டர் விளக்கினார். ஆழத்தில் சுவாசிக்கும் காற்று உடம்புக்குள் கரையுமாம். மெதுவாக, இடையில் நின்று நின்று வந்தால் மூச்சோடு வெளியே போய்விடும். சடாரென்று வந்தால், சோடா போத்தலைத் திறந்த மாதிரி ரத்தத்தில் குமிழ் கிளம்பும். அது அடைத்தால் எலும்புக்கு ரத்தம் போகாது, எலும்பு செத்துவிடும். முதுகுத்தண்டில் அடைத்தால் கால் இரண்டும் விழுந்துவிடும். பயிற்சியில் சொல்லிக்கொடுப்பதே முக்கியமாக இதைத்தான்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "இவங்களுக்கு இது எப்ப இருந்து தெரியும் எண்டு கேளும்."

கேட்டேன்.

தன் தாத்தா காலத்திலிருந்தே தெரியும் என்றார் டாக்டர்.

கார் வீட்டுக்குக் கிட்டே வரும்போது அண்ணன் சொன்னார்.

"எங்கட கரையில நாப்பது தாண்டினவன் ஒருத்தனும் நேரா நடக்கிறேல்ல, தம்பி. வயசு எண்டு நினைச்சம். என்ர மச்சான் பிலிப்பு... நல்லாத்தான் மேல வந்தான். சோறு திண்டான். பின்னேரம் கால் ரெண்டும் இல்லை. பேய் அடிச்சதெண்டு கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனம். படுத்த படுக்கையாக் கிடந்து செத்தான்."

கார் கதவில் ஓங்கிக் குத்தினார்.

"பேய் இல்லையாம்! புத்தகத்தில கிடந்திருக்கு! ஒருத்தன்கூட எங்களுக்குச் சொல்லேல்லையே!"

காரை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

அவருடைய தம்பி யேசுராசன் அப்போது ராமேஸ்வரம் பக்கம் அகதி முகாமில் இருந்தார். அங்கேயும் சங்குதான். முகாமுக்குப் பக்கத்து போன் கடைக்கு அடித்து, ஆளைக் கூப்பிடச் சொல்லி, மறுபடி அடித்தோம். அண்ணன் ஹாலில் நின்று கத்தினார்.

"மேல வரேக்க நில்லடா! கயித்தைப் பிடிச்சு இடையில நில்லு! ஒரேயடியா வராத!"

தம்பியும் கத்தித்தான் பேசினார். எனக்கும் கேட்டது.

"நிக்கிறதுக்குக் காத்து வேணுமே, அண்ணன்? சிலிண்டர் முடிஞ்சுதானே வாறம்!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நிற்க வேண்டும் என்று தெரிந்தாலும் அவர்களால் நிற்க முடியாது.

"அப்ப காத்து முடிய முதல் வா" என்றார் அண்ணன். "சங்கு கிடந்தாக் கிடக்கட்டும். கேக்குதோ? கிடக்கட்டும்."

தம்பி அந்தச் சொல்லைக் கேட்டு நடந்தார். இன்றைக்கும் தன் காலில்தான் நடக்கிறார்.

அண்ணனுக்குச் சான்றிதழ் கிடைக்கவில்லை. முதலாளி அவரை மேலேயே வைத்துக்கொண்டார், கயிற்றைப் பிடித்து நேரம் பார்க்கிற வேலைக்கு. யாராவது அவசரப்பட்டு மேலே வந்தால் சுத்தமான மன்னார்த் தமிழில் ஏச்சு விழும். வெள்ளைக்காரப் பையன்களுக்குக்கூட அந்த வார்த்தைகள் மனப்பாடம்.

இப்போது அண்ணனுக்குச் செயற்கை இடுப்பு. பிற்பாடு இங்கேயே பிறந்த அவர் மகள், கடலடி வேலைக்கு முறையாகப் பயிற்சி எடுத்தாள். போன கோடையில், பயிற்சி முடிகிற நாளன்று, குடும்பத்தோடு வரச்சொல்லிப் படகில் ஏற்றிக்கொண்டார்கள். நானும் போனேன். இறங்குமுன் ஒருவர் சாமானை இன்னொருவர் சோதித்தார்கள். கூடுதல் காற்று, ஆக்சிஜன், மேலே நேரம் பார்க்க ஓர் ஆள்... அந்தக் காலத்தில் ஒனிஹங்காவில் இதில் பாதிகூடக் கிடையாது. மன்னாரில் எதுவுமே கிடையாது.

தண்ணீர் தெளிவாக இருந்தது. மேலே வரும் வழியில், நடுத்தண்ணீரில் அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றிருந்தாள். குமிழ்கள் மட்டும் மேலே வந்துகொண்டிருந்தன. அண்ணன் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏறி வந்தவள் மாஸ்க்கைக் கழற்றினாள். அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பதறிவிட்டாள்.

"அப்பா, வாட்ஸ் ராங்? ஐ வாஸ் ஜஸ்ட் வெயிட்டிங்!" பிறகு சிரித்தாள். "இட்ஸ் சோ போரிங் டவுன் தேர்..."

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"போரடிக்கட்டும், பிள்ளை. நல்லாப் போரடிக்கட்டும்."