மெஷின் வாயில் கட்டிய ரப்பர்

மக்காச்சோளம் அடிக்கும் மெஷின் செய்யும் பெரம்பலூர் கம்பெனி ஒன்றில் நான் சர்வீஸ் மெக்கானிக். குரும்பலூரில் ஓர் அம்மா, மணிகள் முகத்தில் தெறிக்காமல் இருக்க, மெஷின் வாயில் பழைய டயர் ரப்பரைக் கட்டியிருந்தார். எங்கள் மெஷினில் யாரும் கைவைக்கக் கூடாது என்பது விதி.

"யாரைக் கேட்டு மாத்துனீங்க?" என்று கத்தினேன். ரப்பரைப் பிய்த்து எறிந்துவிட்டு, வாரண்டி ரத்து என்று எழுதிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் முதலாளி, "புது மாடல்ல என்ன மாத்தலாம்? சொல்லுங்க" என்றார். அவர் பார்வை என்மேல் வந்து நின்றது. அந்த ரப்பரைப் பற்றிச் சொன்னேன்.

"நல்லாத்தான் இருக்கு. அளவு எங்க?"

மறுநாள் டேப்போடு குரும்பலூர் போனேன். அந்த அம்மா மெஷினை மறித்து நின்றார்.

"இன்னும் எதைப் பிச்சுப்போட வந்தீங்க?"