சாக்கரிஸின் செல்லாத ஓட்டு

மருத்துவமனைப் படிவத்தின் குறுக்கே அப்பா பெரிதாக "வேண்டாம்" என்று எழுதினார். இதய அறுவைச் சிகிச்சை கோபன்ஹேகனில்தான் நடக்கும். அங்கே போக ஒரு கட்டம். இங்கேயே மாத்திரையோடு இருக்க ஒரு கட்டம்.

"பெரியவரே, இது செல்லாது. ரெண்டுல ஒண்ணை டிக் பண்ணுங்க," என்றாள் நர்ஸ் பியர்க்.

"எனக்கு இது புதுசா? நாற்பத்தாறுலயே செல்லாதுன்னுட்டாங்களே!"

அப்பா சாக்கரிஸ், சாண்டாய் தீவின் மீன் ஆலையில் நாற்பது வருடம் ஐஸ் இயந்திரம் பார்த்தவர். ஒரு நாள்கூட அது நின்றதில்லை. அதைப் பற்றிப் பேசமாட்டார். 1946 வாக்கெடுப்பைப் பற்றித்தான் பேசுவார். டென்மார்க் அரசு தரும் திட்டமா, எங்கள் ஃபாரோ தீவுகள் டென்மார்க்கிலிருந்து பிரிந்துபோவதா என்று சீட்டில் இரண்டே வழி. திட்டம் பிடிக்கவில்லை, உடனே பிரியவும் பயம். சீட்டில் "வேண்டாம்" என்று எழுதிப் போட்டார். அப்படிச் சில நூறு பேர். பிரிவினை நூற்று அறுபத்தோரு ஓட்டு வித்தியாசத்தில் வென்றது. டென்மார்க் எங்கள் சட்டமன்றத்தைக் கலைத்தது, மறுதேர்தல் வைத்தது, இரண்டு வருடத்தில் தன்னாட்சி தந்தது. கொடி எங்களுடையது, பெரிய ஆஸ்பத்திரி அவர்களுடையது.

"செல்லாத ஓட்டுக்காரங்க கேட்டதுதான் கடைசியில கெடச்சுது. அதுவுமில்ல, இதுவுமில்ல. உங்கப்பன் தீர்க்கதரிசி!" என்பார்.

போகாவிட்டால் கோடை தாண்டாது என்றார் மருத்துவர். நான் கப்பல் இன்ஜின் பொறியாளர். எனக்கு எல்லாம் தெரியும்.

"பம்பு நல்லாத்தான் இருக்குப்பா. குழாய்லதான் அடைப்பு. மாத்திட்டா பத்து வருஷம் ஓடும்."

"என்னை மீன்பிடிக் கப்பல்னு நெனச்சியா?"

"கப்பல் இவ்வளவு வாய் பேசாது."

"டென்மார்க் பக்கம் நான் தலவச்சுப் படுத்ததில்ல, துரித்தா."

"கால் வச்சுப் படுங்க."

சிரித்துவிட்டார். பேனாவை நீட்டினார். "நீயே போடு மகளே. நீதான் படிச்சவ."

போட்டேன்.

அறுவை முடிந்த நான்காம் நாள் இறந்தார்.

சவப்பெட்டியோடு ஊருக்குக் கிளம்பினேன். எங்கள் தீவுகளின் விமானநிலையத்தில் பனிமூட்டம். வட்டமடித்துவிட்டு விமானம் கோபன்ஹேகனுக்கே திரும்பியது. மறுநாளும் அப்படியே. அறுபத்தேழு வயதுவரை டென்மார்க்கை எட்டிக்கூடப் பார்க்காத மனிதரை, படித்தவளான நான், மூன்று முறை அங்கே கொண்டு சேர்த்தேன்.

இரண்டு முறையும் ஒலிபெருக்கியில் விமானி மன்னிப்புக் கேட்டார். நான் கேட்க வேண்டியவர் கீழே சரக்கறையில் இருந்தார்.