பையில் போட்ட துண்டு

கும்மிடிப்பூண்டி நடைமேடையில் மெட்ராஸ் வண்டிக்கு ஏகப்பட்ட கூட்டம். ஆனாலும் ஒரு பெஞ்சில் மட்டும் இடம் இருக்கிறது. தொடையில் பெரிய கட்டுப் போட்ட ஒருவரும், மடியில் பெண் குழந்தையுடன் அவர் மனைவியும் அதில் இருக்கிறார்கள். நான் போய் உட்காருகிறேன்.

பெரியாஸ்பத்திரிக்குப் போகிறார்களாம். அவர் புதிதாக வந்த தொழிற்சாலையில் கூலியாள். அங்கே குழாய்களின் பற்றவைப்பைக் கதிர்வீச்சால் படமெடுத்துச் சோதிக்கிறார்கள். அந்தக் கருவியிலிருந்து விழுந்த சின்ன உலோகத் துண்டை, என்னவென்று தெரியாமல் எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டிருக்கிறார்.

“பளபளன்னு இருந்திச்சு சார். கொயந்தை வெளையாடட்டும்னு ஊட்டுக்கு எடுத்தாந்தேன்.”

“குடுத்தீங்களா?”

“தூங்கிக்கினு இருந்திச்சு, குடுக்கல. காலைல கம்பெனி ஆளுங்க மெஷினோட வந்து தேடி எடுத்துக்கினு போய்ட்டாங்க. அப்பால தான் தொடை வெந்து போச்சு.”

“இது மத்தவங்களுக்கு ஒட்டிக்காதுன்னு டாக்டரு சொல்றாரு,” என்கிறாள் மனைவி. “ஊருல யாரு கேக்கறாங்க? கொயந்தையக்கூட ஒருத்தரும் தொட மாட்டேங்கறாங்க.”

வண்டி வந்து நிற்கிறது. அவரால் தனியாக எழுந்திருக்க முடியவில்லை. அவள் சுற்றுமுற்றும் பார்க்கிறாள். நான் கையை நீட்டுகிறேன். சற்றுத் தயங்கிவிட்டுக் குழந்தையைக் கொடுத்து, அவரைத் தாங்கிப் பிடித்து ஏற்றுகிறாள்.

பெட்டிக்குள் உட்கார்ந்த பிறகும் அவள் குழந்தையைத் திருப்பிக் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.